வேப்பிலை கட்டிய வாசல்

புதுவை நகரின் தமிழர் பகுதியில் இன்றும் எஞ்சி நிற்கும் பழைய வீடுகளை உற்றுநோக்கியவர்கள் ஓர் அமைப்பைக் கண்டிருப்பார்கள். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு இடங்கள் உண்டு. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சார்ப்பின்கீழ், வெயிலில் நடப்பவருக்கு நிழல் தரும் தாழ்வாரம் ஒன்று. அதையடுத்து, வீட்டாரும் வந்தாரும் அமர்ந்து பேசும் திண்ணை மற்றொன்று. கடற்கரையை ஒட்டிய வெள்ளையர் பகுதியில் உயர்ந்த மதில்கள் வீட்டைத் தெருவிலிருந்து பிரித்தன. தமிழர் வீட்டின் திண்ணையோ வீட்டைத் தெருவோடு சேர்த்தது. அந்தத் திண்ணைக்கு உரியவர்கள் பெரும்பாலும் முதியோரே. விடியற்காலைத் திருப்பலி முடிந்து வந்து, காப்பி அருந்தி, செய்தித்தாளைப் பிரித்து, போவோர் வருவோரை நலம் விசாரித்து, பள்ளி செல்லும் பிள்ளைகளை அதட்டி, மாலையில் செபமாலை உருட்டி, அவர்கள் அங்கிருந்தபடியே தெருவைக் காத்து வந்தார்கள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அந்தத் திண்ணைகள் வெறுமையாயின. 22-ஆம் நாள் ஒருநாள் மக்கள் ஊரடங்கு. 25-ஆம் நாள் முதல் நாடு முழுவதற்குமான முழு ஊரடங்கு. முதலில் 21 நாட்கள் என்றார்கள். பின்னர் அது நான்கு கட்டங்களாக நீண்டு மே 31 வரை, 68 நாட்கள் தொடர்ந்தது. கோயில்கள் அடைபட்டன. கடற்கரைச் சாலையில் நடப்பார் இல்லை. இளையோருக்கு அது பொறுமையைச் சோதித்த காலம். முதியோருக்கோ, நாம் அப்போது முழுவதும் உணராத வேறொரு சோதனை அதற்குள் இருந்தது. அதை விளங்கிக்கொள்ள, சற்றே பின்னோக்கிச் சென்று, பழைய கொள்ளைநோய்க் காலங்களில் இந்நகரின் முதியோர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்ப்பது நலம்.

அடைபட்ட நகரமும் வேப்பிலையும்

அடைபட்டு வாழ்வது புதுவைக்குப் புதிதன்று. 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் நகரை முற்றுகையிட்டபோது மதிலுக்குள் நிலவிய அச்சத்தையும் ஆரவாரத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1761 சனவரியில் நகரம் ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது அவர் உயிரோடில்லை. சில நாட்களுக்கு முன்புதான் கண்மூடியிருந்தார். ஆனால் முற்றுகையின்போது பகைவன் மதிலுக்கு வெளியே நின்றான். கொள்ளைநோயின்போது பகைவன் பக்கத்து வீட்டில், சில வேளை தன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். ஆகவே மக்கள் வேறொரு மதிலைக் கண்டுபிடித்தார்கள். அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அதைக் கண்டவர் உள்ளே வரமாட்டார். உள்ளே இருந்தவர் வெளியே செல்லமாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அந்த ஒழுங்கு மீறப்படுவதில்லை. சமயம் கடந்து எல்லாச் சமூகத்தாரும் அறிந்திருந்த வழக்கம் இது. அரசாணை இன்றி, காவலர் இன்றி நடைபெற்ற தனிமைப்படுத்தல் என்றே இதைச் சொல்லலாம்.

மேற்கில் இதே ஒழுங்கு வேறு வடிவில் தோன்றிற்று. அத்ரியாட்டிக் கடலின் துறைமுகங்கள் கப்பல்களையும் பயணிகளையும் கரையிறங்க விடாமல் நிறுத்தி வைத்தன. அந்நாட்கள் நாற்பது என்று வழக்கமாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ‘குவாரன்டைன்’ என்ற சொல் பிறந்தது. தவக்காலத்தின் நாற்பது நாட்களை அறிந்த நமக்கு அந்த எண்ணிக்கை அந்நியமானதன்று.

கத்தோலிக்கக் குடும்பங்களில் வேப்பிலையோடு இரு புனிதர்களும் வாசலில் காவல் நின்றார்கள். ஒருவர், அம்புகள் பாய்ந்த உடலோடு நிற்கும் புனித செபஸ்தியார். மற்றவர், தொடையில் புண்ணும் அருகில் நாயுமாகக் காட்சி தரும் புனித ரோக்கு. அவரை நம் முன்னோர் ஆரோக்கியநாதர் என்று அழகிய பெயரிட்டு அழைத்தனர். கொள்ளைநோயாளருக்குப் பணிபுரிந்து, தாமே அந்நோய்க்கு ஆளாகி, யாருக்கும் தொற்றாதபடி காட்டில் ஒதுங்கிய அவருக்கு ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொண்டுவந்தது என்பது மரபு. அவருடைய திருநாள் ஆகஸ்ட் 16. புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் 1962-இல் அதே நாளில்தான். ஒதுங்கியிருப்பவனுக்கு அப்பம் கொண்டுசெல்ல ஒருவர் வேண்டும் என்ற உண்மையை அந்தச் சுரூபத்தின் நாய் நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பணிவிடை செய்தவர்கள் முதியோரே

வேப்பிலை கட்டிய அந்த வீட்டுக்குள் நோயாளியின் அருகில் அமர்ந்திருந்தவர் யார் என்பதே நம் கேள்வி. பெரும்பாலும் ஒரு பாட்டிதான். அதற்குத் தக்க காரணம் இருந்தது. பெரியம்மை ஒருமுறை வந்து பிழைத்தவரை அது மீண்டும் தொடுவதில்லை. முகத்தில் தழும்போடு முதுமை எய்தியவர்கள் அந்நோயிடம் அச்சமற்றவர்கள். அவர்களே வேப்பிலைக் கொத்தால் வருடிவிட்டார்கள், கஞ்சி புகட்டினார்கள், இரவெல்லாம் விழித்திருந்தார்கள். முதுமை அங்கே ஒரு தகுதியாய் இருந்தது. 1975 மே மாதத்தில் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1980-இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. அத்துடன் அந்தப் பாட்டிகளின் தொழிலும் ஓய்ந்தது.

1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் இதைவிடத் தெளிவான சான்று. முதல் உலகப் போரின் இறுதியாண்டில், கப்பல்கள் வழியே பம்பாய்க்கு வந்த அக்காய்ச்சல் நாடெங்கும் பரவிற்று. ஆண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தையும் உலுக்கிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1911-க்கும் 1921-க்கும் இடையே இந்தியாவின் மக்கள்தொகை கூடுவதற்கு மாறாகக் குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் அத்தகைய பத்தாண்டு வேறில்லை. பாரதியார் பத்தாண்டுக்காலப் புதுவை வாழ்வை முடித்துக்கொண்டு எல்லை தாண்டி, கடலூர் அருகே கைதானது அந்த ஆண்டின் நவம்பர் மாதத்தில்தான். அதே நவம்பரின் 11-ஆம் நாள் ஐரோப்பாவில் பீரங்கிகள் ஓய்ந்தன. அப்போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் நம் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. காய்ச்சலில் மாண்டவர்களுக்குக் கல் எதுவும் நடப்படவில்லை.

அந்தக் காய்ச்சலின் விந்தை என்னவெனில், அது முதியோரைக் காட்டிலும் 20 முதல் 40 வயது வரையிலான வலியவர்களையே மிகுதியாக வீழ்த்தியது. முன்பு எப்போதோ வந்துபோன அதையொத்த காய்ச்சலின் எதிர்ப்பாற்றல் முதியோர் உடலில் எஞ்சியிருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். தந்தையும் தாயும் மறைந்த வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் மீண்டும் பெற்றோராயினர். நடுத்தலைமுறை சரிந்தபோது முதிய தலைமுறை தன் தோளைக் கொடுத்தது.

துறவியர் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-இல் புதுவைக்கு வந்தார்கள். தந்தை துய்புயியின் முயற்சியால் 1844-இல் மரியாயின் மாசற்ற இருதய சபை இங்கேயே பிறந்தது. 1823-இல் பிரெஞ்சு ஆட்சி நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். நோயுற்றோரையும் ஆதரவற்றோரையும் பேணும் மரபு இந்நகரில் ஆழ வேரூன்றியிருந்தது. அம்மரபில் முதிய கன்னியர் ஓய்வுக்குப் பின்னும் நோயாளிகளின் கட்டிலருகே இருந்தார்கள். செபிப்பதும் ஆறுதல் சொல்வதும் அவர்களுடைய பணியாய் நீடித்தன.

தலைகீழான ஆண்டு

இந்தப் பின்னணியில் 2020-ஐ வைத்துப் பார்த்தால் அதன் புதுமை புலப்படும். கொரோனாத் தொற்று முதுமையையே குறிவைத்தது. அவ்வாண்டில் இந்தியாவில் இறந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பணிவிடை செய்தவர் பணிவிடைக்குரியவராயினர். காவல் இருந்தவர் காக்கப்பட வேண்டியவராயினர். பேரப்பிள்ளையைத் தூக்குவதே ஆபத்து என்று மருத்துவர் சொன்னார்கள். அது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த உண்மை ஒரு மூதாட்டியின் காதில் எப்படி விழுந்திருக்கும்?

எம் பங்கின் நோயாளர் சந்திப்புக் குழுவினராகிய நாங்கள் அந்நாட்களில் தெருவில் நின்றபடியே முதியோர் சிலரைக் கண்டு வந்தோம். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி சன்னலுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “எனக்குச் சின்ன வயசுலயே வைசூரி வந்து போயிடுச்சு. அதனால எந்த வீட்டுல அம்மை போட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. இப்ப பாருங்க, என் பேரனே என்னைக் கண்டா நாலடி தள்ளி நிக்கிறான். நான் நோயாளியும் இல்ல, நோயாளிக்கு ஒதவுறவளும் இல்ல. அப்புறம் நான் யாரு?” எங்களிடம் விடை இல்லை. அரிசியும் மருந்தும் அடங்கிய பையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினோம். அன்று முதல் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

அரசின் அறிவுரைகள் தெளிவாகவே இருந்தன. 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் முதியோருக்கென்றே ஒரு குறிப்பை வெளியிட்டது. வீட்டிலேயே இருங்கள், வருவோரைத் தவிருங்கள், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், போதிய தண்ணீர் குடியுங்கள், வீட்டுக்குள் சிறு உடற்பயிற்சி செய்யுங்கள், உறவினரோடு தொலைபேசியில் பேசுங்கள், கண்புரை, மூட்டு மாற்று போன்ற அவசரமற்ற அறுவைகளைத் தள்ளிவையுங்கள். ஒவ்வொன்றும் நல்லறிவுரை. ஆனால் கண்புரை அறுவை தள்ளிப்போனவருக்குத் தொலைபேசியின் எண்கள் தெரியவில்லை. காது மந்தமானவர் அதுவரை பேசுபவரின் உதட்டசைவைக் கண்டே பாதியைப் புரிந்துகொண்டிருந்தார். முகக்கவசம் அந்த உதட்டை மறைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்குக் கவசத்தினின்று எழும் மூச்சு கண்ணாடியை மங்கச் செய்தது. மூட்டுவலிக்காரருக்கு நாள்தோறும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்த நடையே மருந்தாய் இருந்தது. அது நின்றதும் கால் மேலும் இறுகிற்று.

புதுவைக்கே உரிய ஒரு துன்பமும் இருந்தது. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது முதல், இந்நகரின் பல குடும்பங்கள் இரு நாடுகளில் வேர்விட்டவை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றோரை நம் மக்கள் ‘சொல்தா’ என்றே அழைப்பர். சொல்தாக்களும் அவர்தம் கைம்பெண்களும் இங்கே இருக்க, பிள்ளைகள் பாரிசிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கின்றனர். கோடை விடுமுறையில் அவர்கள் வந்து போவதே முதியோரின் ஆண்டுக் கணக்கு. 2020 மார்ச் 23 முதல் வெளிநாட்டு வானூர்திகள் நின்றன. சிறப்பு வானூர்திகள் பின்னர் ஓடினவெனினும், வழக்கமான சேவை மீண்டது 2022 மார்ச் 27-இல்தான். அந்த ஈராண்டுகளுக்குள் கண்மூடிய எத்தனையோ தாய்மாரின் அடக்கத்தைப் பிள்ளைகள் கைப்பேசித் திரையில் கண்டு அழுதார்கள்.

அடைபட்ட ஆலயம்

நம்மவருக்கு எல்லாவற்றினும் பெரிய இழப்பு திருப்பலியே. ஜென்மராக்கினி மாதா பேராலயமாயினும், தூய இருதய ஆண்டவர் பேராலயமாயினும், நெல்லித்தோப்பு, ரெட்டியார்பாளையம் போன்ற பங்குகளாயினும், வாரநாள் காலைத் திருப்பலியில் முன்வரிசையில் முழந்தாளிடுபவர்கள் முதியோரே என்பதை யாவரும் அறிவோம். புனித லூக்கா நமக்குக் காட்டும் அன்னா என்னும் இறைவாக்கினர் எண்பத்து நான்கு வயதுக் கைம்பெண். கோயிலை விட்டு நீங்காமல் நோன்பிலும் மன்றாட்டிலும் நிலைத்தவர். நம் ஒவ்வொரு பங்கிலும் அன்னாக்கள் உள்ளனர். அந்த ஆண்டு அன்னாவுக்குக் கோயிற்கதவு சாத்தப்பட்டது. புனித வெள்ளி ஏப்ரல் 10. உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 12. தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பெரிய வியாழன் வழிபாட்டைத் தவறவிடாதவர்கள் அவ்வாண்டு வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின்முன் அமர்ந்தார்கள்.

ஜூன் 8-ஆம் நாள் முதல் வழிபாட்டிடங்களைத் திறக்க மத்திய அரசு இசைந்தது. புதுவையில் கோயில்கள் திறந்தன. நம் உயர்மறைமாவட்டம் புதுச்சேரியோடு கடலூர், விழுப்புரம் பகுதிகளையும் தழுவியது. தமிழக அரசின் விதிகள் வேறாயிருந்தமையால், எல்லைக்கு அப்பாலிருந்த நகர்ப்புறக் கோயில்கள் செப்டம்பர்வரை காத்திருந்தன. ஆனால் கோயில் திறந்தும் முதியோருக்கு அது திறக்கவில்லை. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வீட்டிலேயே இருக்கும்படி அதே ஆணை அறிவுறுத்தியது. மணி ஒலித்தது, எழுந்து போகக் கூடாது. கதவு அடைபட்டிருந்த நாட்களைவிட இந்நாட்களே தமக்குக் கடினமாய் இருந்தன என்று முதியோர் பலர் எம்மிடம் கூறினர்.

திருச்சபையின் வரலாற்றில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது மக்கள் வீட்டை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அப்போது பேராயராயிருந்த புனித சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திகளில் பீடங்களை அமைக்கச் செய்தார். மக்கள் தங்கள் சன்னல்களிலிருந்தே திருப்பலி கண்டார்கள். பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலிலும் ஒரு நுண்மை உண்டு. தொழுநோயாளர் பாளையத்துக்கு வெளியே தனித்திருக்க வேண்டும் என்று விதிக்கும் அந்நூல், அவர் நலம்பெற்றாரா என்று பார்க்கக் குருவே பாளையத்தை விட்டு வெளியே செல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. விலக்கப்பட்டவர் வர இயலாதபோது, செல்ல வேண்டியவர் நாம். 2020 மார்ச் 27 மாலையில், மழை நனைத்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று நற்கருணை ஆசீர் அளித்த காட்சியை நம் முதியோர் மறக்கவில்லை. அவரும் அப்போது எண்பத்து மூன்று வயது முதியவரே.

எது உதவிற்று?

அந்நாட்களில் செய்யப்பட்டவற்றைத் திரும்பிப் பார்க்கையில், உதவிகளை இருவகையாய்ப் பிரிக்கலாம். முதல் வகை, உயிரைக் காத்தவை. அரிசி, மருந்து, ஓய்வூதியம் ஆகியவை வாசலுக்கே வந்தன. தேசிய சமூக உதவித் திட்டத்தின்கீழிருந்த முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் மத்திய அரசு இரு தவணைகளில் 1000 ரூபாய் வழங்கியது. அஞ்சல்காரர்கள் கைரேகைக் கருவியோடு வீடு தேடிவந்து பணம் தந்தார்கள். உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்க மறுத்த இடங்களில், பொறுமையோடு மறுவிரலை வைத்துப் பார்த்த அஞ்சல்காரர்களை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். ஆயுட்சான்று அளிக்க வேண்டிய கெடுவும் அவ்வாண்டு மத்திய அரசின் ஓய்வூதியருக்கு நீட்டிக்கப்பட்டது.

இரண்டாம் வகை உதவிகள் சிறியவை, செலவற்றவை, ஆனால் அந்தப் பாட்டியின் கேள்விக்கு விடையளித்தவை இவையே. குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைப்பது முதலாவது. ‘எப்போதாவது பேசுகிறேன்’ என்பதைவிட ‘நாள்தோறும் காலை பத்து மணிக்கு’ என்பது ஆயிரம் மடங்கு மேலானது என்று கற்றுக்கொண்டோம். அந்நேரத்துக்காக முதியவர் தலைவாரி அமர்கிறார். சொல்லவேண்டியதை நினைவில் அடுக்கி வைக்கிறார். நாள் என்பதற்கு ஒரு நடு அச்சு கிடைக்கிறது. அடைபட்ட வாழ்வில் முதலில் கரைவது கிழமையின் உணர்வு. திங்களும் வெள்ளியும் ஒன்றானபோது மனமும் குழம்பிற்று. ஆகவே எழும் நேரம், குளிக்கும் நேரம், வீட்டு முற்றத்தில் பத்துச் சுற்று நடக்கும் நேரம், தொலைக்காட்சியில் திருப்பலி காணும் நேரம் என்று ஒரு சிறு மடத்து ஒழுங்கை வீட்டிலேயே அமைத்துக்கொண்டோர் நிலைகுலையவில்லை. கார்மேல் மடத்தின் அடைப்புக்குள் வாழும் கன்னியர் 1748 முதல் இந்நகரில் நமக்குக் காட்டிவரும் பாடமும் அதுதானே.

இரண்டாவது, முதியோரிடம் பணியைத் திருப்பிக் கொடுப்பது. எம் அன்பியம் ஒன்றில் செபமாலைச் சங்கிலி தொடங்கினோம். முதியோர் ஒவ்வொருவரும் அடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு பத்துமணி செபித்து, அவருடைய நலத்தை அறிந்து, ஏதேனும் குறையிருந்தால் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பார்த்துக்கொள்ளப்பட்டவர்கள் பார்த்துக்கொள்பவர்களாயினர். யார் வீட்டில் மருந்து தீர்ந்தது, யார் இரண்டு நாளாய்ப் பேசவில்லை என்பதெல்லாம் எங்களைவிட அவர்களுக்கே முதலில் தெரிந்தது. முன்னே சொன்ன பாட்டி அச்சங்கிலியில் நாள்தோறும் மூவரை அழைத்தார். தையல் அறிந்த மூதாட்டியர் பருத்தித் துணியில் முகக்கவசம் தைத்தார்கள். பள்ளி இல்லாத பேரப்பிள்ளைகளுக்கு ஞான உபதேசமும் பழைய பாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகள் அதற்கு ஈடாகக் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வகையைக் கற்றுத்தந்தார்கள். ஒரே வீட்டில் இரு ஆசிரியர், இரு மாணவர்.

தடுப்பூசி வந்தபோதும் இதே வழி பயன்பட்டது. 2021 மார்ச் 1 முதல் அறுபதைக் கடந்தோருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. பதிவு கைப்பேசி வழியே நடந்தது; ஓர் எண்ணில் நால்வர்வரை பதியலாம் என்றிருந்தமையால், ஓர் இளைஞர் தெருவிலுள்ள மூன்று முதியோரையும் தம்மோடு சேர்த்துக்கொள்ள முடிந்தது. அஞ்சியவர்களிடம் நாங்கள் வாதிடவில்லை. அவ்வாண்டு சனவரியிலேயே திருத்தந்தை பிரான்சிசும் ஓய்வுபெற்ற திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் தடுப்பூசி பெற்றதைச் சொன்னோம். அதற்கும் மேலாக, முதலில் போட்டுக்கொண்ட முதியவர்களையே மற்றவர்களோடு பேசச் செய்தோம். தழும்பேறிய பாட்டி அம்மைக்கு அஞ்சாததுபோல், ஊசி போட்ட தாத்தாவின் சொல்லுக்கு எடை இருந்தது.

நாம் தவறியது

ஆயினும் எல்லாம் நன்றாய் நடந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. 2021 மே மாதத்தின் இரண்டாம் அலை முதல் அலையைப்போல் இல்லை. மருத்துவமனைகள் நிரம்பின, உயிர்வளிக்காக உறவினர் அலைந்தனர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இக்கொள்ளைநோயில் இறந்தோர் 1900-க்கும் மேற்பட்டவர்கள். நம் உயர்மறைமாவட்டத்தின் முன்னாள் பேராயர் அந்தோனி ஆனந்தராயர், பணி ஓய்வுபெற்ற சில மாதங்களில், அவ்வாண்டு மே 4-ஆம் நாள் இத்தொற்றால் இறைவனடி சேர்ந்தார். மறைமாவட்டத்தின் மேய்ப்பரும் தெருக்கோடியின் மூதாட்டியும் அந்நாட்களில் ஒரே நோய்க்கு இரையாயினர்.

எங்கள் தவறு வேறிடத்தில் இருந்தது. பாதுகாப்பு என்ற சொல்லை நாங்கள் முதியோரைக் கேளாமலே பயன்படுத்தினோம். எவ்வளவு ஆபத்தை ஏற்க அவர்கள் ஆயத்தமாயிருந்தார்கள், எதை இழக்க அவர்கள் ஒப்பவில்லை என்று ஒருவரும் வினவவில்லை. திறந்த வெளியில், இடைவெளி விட்டு, காற்றோட்டமாக அமரச் செய்து அவர்களுக்கென்று தனித் திருப்பலி ஒன்றை ஒழுங்குசெய்திருக்க முடியும் என்பது பிற்பாடே எங்களுக்குத் தோன்றிற்று. இந்நோய் பெரிதும் அடைபட்ட அறையின் காற்றில் பரவுவது என்று பின்னர் தெளிவானபோது, நாம் மூடச் சொன்ன திண்ணையே மூடிய கூடத்தைவிடப் பாதுகாப்பானது என்பதும் விளங்கிற்று. முன்னோர் கட்டிய அந்தக் காற்றோட்டமான இடத்தில், தெருவில் நிற்பவரோடு ஆறடி தள்ளிப் பேசியிருக்கலாம். நோயுற்றோருக்கு நோயில்பூசுதல் தாமதமாயிற்று. இறப்போரின் கையைப் பிடித்திருக்க ஒருவரை அனுமதிக்கும்படி உரிய காலத்தில் நாம் வற்புறுத்தவில்லை. கல்லறைத் திருநாளில் கூட்டம் சேராதிருக்க, 2020-இல் திருச்சபை நவம்பர் மாதம் முழுவதற்கும் பரிபூரண பலனை நீட்டியது. உப்பளம் கல்லறைக்கு ஒரு முதியவரைக் கூட்டமற்ற ஒரு வாரநாளில் அழைத்துச் செல்ல அது நல்வாய்ப்பு. அதை முதியோருக்கு எடுத்துச் சொன்னோர் சிலரே.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தினார். புனிதர்கள் சுவக்கீன், அன்னம்மாள் திருநாளையொட்டி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது கொண்டாடப்படுகிறது. கொள்ளைநோய் நமக்கு விட்டுச்சென்ற திருநாள் என்று அதை நாம் கருதலாம். அந்நாளில் மாலை அணிவித்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது எளிது. அதைவிட, நம் பங்கில் தனித்து வாழும் முதியோர் யார், அவர்கள் உண்ணும் மருந்து எது, அவர்களை நாள்தோறும் அழைப்பவர் யார் என்று ஒரு கையேட்டில் அன்று எழுதிவைப்போமாயின், அது மறுமுறைக்கு உதவும். மறுமுறை வரும் என்பதில் வரலாற்றைப் படித்தவர்க்கு ஐயம் இல்லை. 2023 மே 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. அவசரம் முடிந்தது, முதுமை முடியவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேல். அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறிவருகிறது. நாமும் அவ்வரிசையில் நடந்துகொண்டிருப்பவர்களே.

சென்ற திருவருகைக் காலத்தில் அந்தப் பாட்டியின் வீட்டைக் கடந்து சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்தார். மடியில் செபமாலை; பக்கத்தில் கைப்பேசி. கொள்ளைநோய் ஓய்ந்து ஆண்டுகள் ஆகியும் அந்த மூவரையும் நாள்தோறும் அழைப்பதை அவர் நிறுத்தவில்லை. “ஒருத்தி போய்ச் சேந்துட்டா. இப்ப ரெண்டு பேருதான். வேற யாராவது தனியா இருந்தா நம்பரைக் குடுங்க” என்றார். எங்கள் குறிப்பேட்டைத் திறந்து, ஓர் எண்ணை உரக்கப் படித்துக் காட்டினோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினார்.